நாலு டாலர் போர்டும் ஓசூரின் குருட்டுக் கணக்கும்

ஓசூர் என்றதும் எல்லோர் வாயிலும் பெரிய பெயர்கள்தான் வரும். 1980ல் வந்த அசோக் லேலண்ட், அதே வருஷம் மொபட்டோடு கிளம்பிய டிவிஎஸ், 1984ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன். இப்போது ஏத்தர் ஸ்கூட்டர், ஐபோனுக்கு வேலை செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா.. பேப்பரில் படம் போடுவதும் இவர்களைத்தான், மந்திரிகள் ரிப்பன் வெட்டுவதும் இங்கேதான்.

ஆனால் இந்தப் பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின், பிராக்கெட், ஷாஃப்ட் என்று சின்னச் சின்ன சாமான் கடைந்து கொடுப்பது யார்? சிப்காட்டின் பின் தெருக்களிலும் சிட்கோ ஷெட்டுகளிலும் நாலு மெஷின், ஆறு ஆள் வைத்து ஜாப் ஒர்க் பார்க்கும் பட்டறைகள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் மேஜையில் இருக்க வேண்டிய, ஆனால் இல்லாத ஒரு சின்ன போர்டைப் பற்றியும்.

ஒரு கேள்வி. இந்தப் பட்டறைகளில் ஒரு சி.என்.சி. மெஷின் போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே உலோகத்தைக் கடைந்தது? முதலாளியைக் கேட்டால், "ரெண்டு ஷிப்ட் ஓடுது சார், ஃபுல்லா ஓடுது" என்பார். ஷிப்ட் ஓடுகிறது, சரி. மெஷின் ஓடியதா? செட்டிங் மாற்ற எவ்வளவு நேரம், இன்சர்ட் உடைந்து நின்றது எவ்வளவு, மெட்டீரியல் வராமல் சும்மா இருந்தது எவ்வளவு, கரண்ட் இல்லாமல் எவ்வளவு? தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று மட்டும் எழுதியிருக்கும். அதுவும் ஷிப்ட் முடியும்போது ஞாபகத்திலிருந்து எழுதியது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? பி.காம். காரர்கள் கேட்கக் கூடாது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் மெஷின் ஹவர் ரேட் என்று ஒரு கணக்கு வருமே, பதினைந்து மார்க்.. அதுதான் இது. சிலபஸில் மட்டும் வாழும் கணக்கு என்று நினைத்தால் தப்பு.

ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெஷின். அதன் கடன் தவணை, ஷெட் வாடகையில் அதன் பங்கு, ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் 62,400 ரூபாய் என்று வையுங்கள். ஒரே ஷிப்ட், மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 208 மணி. வகுத்தால் மணிக்கு 300 ரூபாய் செலவு. பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் மணிக்கு 350 ரூபாய் கணக்கில் ரேட் பேசுகிறார். முதலாளிக்கு சந்தோஷம். மணிக்கு 50 ரூபாய் லாபம்!

ஆனால் மெஷின் உண்மையில் ஓடியது 130 மணி நேரம்தான் என்றால்? 62,400ஐ 130ஆல் வகுத்தால் மணிக்கு 480 ரூபாய். கிடைப்பது 350. மணிக்கு 130 ரூபாய் நஷ்டம். மாதம் 16,900 ரூபாய். லாபம் என்று நினைத்துக் கொண்டே ஒவ்வொரு மாதமும் பதினாறாயிரத்துச் சொச்சத்தைக் கூலியோடு சேர்த்து கம்பெனி வாசலில் டெலிவரி செய்துவிட்டு வருகிறார். சலானில் அது எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இது கற்பனை எண்கள்தான். ஆனால் 208க்கும் 130க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம் கற்பனை இல்லை. எந்தப் பட்டறையிலும் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரியாதது அதன் ஆழம் மட்டும்தான்.

பேரம் பேசும் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் எல்லா எண்ணும் இருக்கிறது. எந்த சாமானுக்கு எத்தனை செகண்ட் சைக்கிள் டைம், எந்தப் பட்டறை எவ்வளவுக்குச் செய்கிறது, எல்லாம் அவர் கம்ப்யூட்டரில். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு நோட்டும், "பார்த்து பண்ணுங்க சார்" என்ற வார்த்தையும்தான். இதற்குப் பேர் பேரமா?

சரி.. இப்போது போர்டுக்கு வருவோம்.

2012 பிப்ரவரி 29ம் தேதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை வந்தது. ஏடிஎம் கார்டு அளவில் ஒரு முழு கம்ப்யூட்டர், 35 டாலர். பிள்ளைகள் ப்ரோக்ராமிங் பழக வேண்டும், கெட்டாலும் வீட்டில் அப்பா திட்டாத விலையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஆரம்ப நோக்கம். 2015 நவம்பரில் 5 டாலருக்கு ஜீரோ என்று ஒன்று விட்டார்கள். அவர்களுடைய பத்திரிகையின் அட்டையில் இலவசமாகவே ஒட்டிக் கொடுத்தார்கள்! 2021 ஜனவரியில் 4 டாலருக்கு பிகோ வந்தது. (பிகோவை கம்ப்யூட்டர் என்று சொன்னால் இ.சி.இ. பையன்கள் சண்டைக்கு வருவார்கள். அது மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு, லினக்ஸ் ஓடாது. ஆனால் எண்ணுகிற வேலைக்கு லினக்ஸ் எதற்கு? :-) ) இதற்கு முன்பே 2005ல் இத்தாலியிலிருந்து ஆர்டுவினோ, 2016ல் சீனாவிலிருந்து வைஃபையோடு ஈ.எஸ்.பி.32. எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதான்.

2024 ஜூனில் ராஸ்பெரி பை கம்பெனி லண்டன் பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆனது. அதற்குள் விற்றது 6 கோடி போர்டு. காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்காகப் பிறந்த போர்டின் விற்பனையில் பெரும்பகுதி இன்று போவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல, தொழிற்சாலைகளுக்கும் கருவி செய்யும் கம்பெனிகளுக்கும்தான். உலகம் முழுக்க இதை பொம்மை என்று நினைப்பதை நிறுத்தி வெகு நாள் ஆகிவிட்டது. இங்கேதான் இன்னும் "அதெல்லாம் காலேஜ் பசங்க விளையாடுறது" என்ற பேச்சு.

அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று பார்த்தால் முதல் குற்றவாளி காலேஜ்கள்தான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்டை எடுத்துப் பாருங்கள். ஸ்மார்ட் குப்பைத்தொட்டி. கோடு பார்த்து ஓடும் கார். மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றும் தொட்டி. கை தட்டினால் எரியும் லைட். வருஷா வருஷம் அதே நாலு. பெங்களூரு எஸ்.பி. ரோடு நாற்பது கிலோமீட்டர்தான், காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் எல்லா சாமானும் வாங்கி வந்துவிடலாம். அதற்கும் சோம்பல் என்றால் ப்ராஜெக்டையே ரெடிமேடாகச் செய்து, ரிப்போர்ட் பைண்டிங் வரை போட்டுக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன. வைவா முடிந்த அன்று சாயங்காலம் போர்டு அட்டைப்பெட்டிக்குள் போகும். அடுத்த வருஷம் ஜூனியர் எடுப்பான். அவனும் குப்பைத்தொட்டிதான் செய்வான்.

இதே காலேஜ் பஸ் தினமும் காலையும் மாலையும் சிப்காட்டைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ஷெட்டுகள். ஒவ்வொன்றிலும் எண்ணப்படாத மெஷின்கள். உலகத்திலேயே பெரிய லேப் ரோட்டோரமாக இருக்கிறது, இவர்கள் உள்ளே உட்கார்ந்து குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து மூடிக் கொண்டிருக்கிறார்கள். யாருக்குக் கோபம் வராது?

இரண்டாவது, இண்டஸ்ட்ரி 4.0 என்று கோட் போட்டுக் கொண்டு வருபவர்கள். ஹோட்டலில் மீட்டிங், ஸ்லைடில் வானத்தில் மேகம், மேகத்திலிருந்து அம்புக்குறி, அம்புக்குறி முனையில் ஒரு ரோபோ. கடைசி ஸ்லைடில் மெஷினுக்கு வருஷம் இவ்வளவு என்று சந்தா. நாலு மெஷின் வைத்திருப்பவர் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போனது சரிதான். அவருக்கு வேண்டியது மேகம் இல்லை, மணி எண்ணிக்கை. அதற்கு ஆகும் சாமான் என்ன? மெஷின் மேல் ஏற்கனவே இருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு டவர் லைட்டிலிருந்து ஒரு சிக்னல். பழைய லேத் என்றால் மோட்டார் ஒயரைச் சுற்றி மாட்டும் ஒரு கரண்ட் சென்சார், அந்த சிக்னலைப் போர்டு படிக்கிற மாதிரி மாற்றச் சின்ன சர்க்யூட். நடுவில் ஒரு ஆப்டோகப்ளர். ஒரு போர்டு. ஒரு நல்ல பவர் சப்ளை. தூசியும் கூலண்டும் புகாத பெட்டி. போர்டின் விலை சில நூறு ரூபாய். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். மேலே சொன்ன கணக்கில் ஒரு மாத நஷ்டம் எவ்வளவு என்று திரும்பிப் பாருங்கள்.

மூன்றாவது அரசாங்கம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 4.0 மையங்களாக மாற்றும் திட்டம் 2023ல் தொடங்கி வைக்கப்பட்டது. ரோபோ வந்தது, புது சி.என்.சி. வந்தது. நல்ல விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ரோபோ பழகிய பையன் எல்லோருக்கும் ரோபோ வைத்த கம்பெனியில் வேலை கிடைக்குமா? பாதிப்பேர் வந்து நிற்கப் போவது அவன் பிறப்பதற்கு முன்னாலேயே வாங்கிய லேத் முன்னால். அந்த லேத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் கண்ணும் காதும் வைப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்தால் அந்தப் பையன் அந்தப் பட்டறைக்குக் கடவுள் மாதிரி. அந்தப் பாடத்துக்குக் கோடிகள் வேண்டாம். அதனால்தானோ என்னவோ அதற்கு ரிப்பனும் இல்லை.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதினால் அது கட்டுரை இல்லை, கோஷம்.

"ஷாப் ஃப்ளோர்ல இந்த போர்டு ஒரு மாசம் தாங்காது" என்பார்கள் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள். பாதி உண்மை. மெஷின் பேனலில் 24 வோல்ட் ஓடும், போர்டின் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். நேராகக் கொடுத்தால் ஒரு நொடியில் சாம்பல். பக்கத்தில் டிரைவ் இருந்தால் அதன் இரைச்சல் சிக்னலில் ஏறி, ஒரு பீஸை நாலாக எண்ணும். லினக்ஸ் ஓடும் போர்டு என்றால் கரண்ட் பட்டென்று போகும்போது எஸ்.டி. கார்டு கெட்டுப்போகும். இதெல்லாம் நிஜமான பிரச்சினைகள். ஆனால் எல்லாவற்றுக்கும் தெரிந்த மருந்து இருக்கிறது. ஆப்டோகப்ளர் போட்டுப் பிரிப்பது, ஷீல்ட் ஒயர், சாஃப்ட்வேரில் வடிகட்டுவது, எழுதுவதைக் குறைப்பது, சின்ன பேட்டரி. உண்மையில் எலெக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட் என்றால் இதுதான் ப்ராஜெக்ட்! குப்பைத்தொட்டியில் இந்தப் பாடம் எதுவும் வராது.

ஒரு எல்லைக்கோடு மட்டும் அவசியம். இந்த போர்டை வைத்து மெஷினை நிறுத்தவோ ஓட்டவோ கூடாது. பிரஸ் கார்டு, எமர்ஜென்சி ஸ்டாப் மாதிரி ஆள் கை சம்பந்தப்பட்ட எதையும் இதன் பொறுப்பில் விடவே கூடாது. அதற்கென்று பி.எல்.சி.யும் சேஃப்டி ரிலேயும் இருக்கின்றன. கை போன பிறகு "ஐயாயிரம் மிச்சம் பிடித்தோம்" என்று சொல்ல முடியாது. இது கேட்கலாம், எண்ணலாம், எழுதி வைக்கலாம். அவ்வளவுதான் இதன் வேலை.

"வெளிநாட்டு போர்டை நம்பலாமா?" இதுவும் நியாயமான கேள்வி. 2021 முதல் 2023 வரை ராஸ்பெரி பை உலகம் முழுக்கக் கிடைக்காமல் போனது. இருந்த கொஞ்சமும் முதலில் மொத்தமாக ஆர்டர் கொடுத்த கம்பெனிகளுக்குத்தான் போனது. 2021 அக்டோபரில் 35 டாலர் போர்டு 45 ஆனது. 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறியதால் சில மாடல்கள் மறுபடி விலை ஏறின. அப்படியென்றால் இந்தியாவில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி 2018லேயே சிப்பாக வந்து லினக்ஸை ஓட்டியது. திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா வரிசையில் தேஜஸ்32 சிப் வைத்த ஏரீஸ் போர்டு இருக்கிறது. ஆனால் ஓசூர் பட்டறைக்காரர் ஏரீஸ் என்று பேர் கேள்விப்பட்டிருப்பாரா? எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் உடனே எடுத்துத் தருகிற நாள் வரும்வரை தேசபக்தியைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எண்ணும் கோடை ஒரே போர்டோடு கட்டிப் போடாமல் எழுதினால் பிறகு மாற்றிக் கொள்ளலாம்.

விலை குறைந்தால் மட்டும் போதாது என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. இதே பெங்களூரில், ஐ.ஐ.எஸ்சி. பேராசிரியர்களும் என்கோர் என்ற கம்பெனியும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று ஒன்று செய்தார்கள். 2001ல் உலகமே பேசியது. ஏழைக்கும் கம்ப்யூட்டர், இந்திய மொழிகளில் பேசும் கம்ப்யூட்டர். 2004ல் விற்பனைக்கும் வந்தது. பிறகு? காணவில்லை. கெட்ட மெஷின் என்பதால் அல்ல. அதை வைத்து யார், எந்த வேலையை, நாளைக் காலையில் செய்யப் போகிறார் என்பதற்கு உறுதியான பதில் இல்லாததும் ஒரு காரணம். ஜாப் ஒர்க் பட்டறையில் அந்தப் பதில் இருக்கிறது. அடுத்த கொட்டேஷன். அதுதான் வித்தியாசம்.

இனிமேல்தான் உண்மையான சண்டை. எண்ணப் போவது எதை?

மெஷினை எண்ணும் போர்டு ஆளையும் எண்ணும். சிவப்பு லைட் எரிந்த பன்னிரண்டு நிமிஷம் டூல் தேடிய நேரமா, ஆபரேட்டர் பாத்ரூம் போன நேரமா என்று போர்டுக்குத் தெரியாது. முதலாளி கையில் அந்தத் தாள் போனால் அவர் முதலில் கேட்பது பாத்ரூமைப் பற்றித்தான் என்று தொழிலாளி பயந்தால் அதில் தப்பே இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட் பக்கத்திலேயே தங்கி வேலை பார்க்கும் பையனுக்கு எதிர்த்துப் பேச யூனியனும் இல்லை, மொழியும் இல்லை. அவன் முதுகில் ஒரு கடிகாரம் கட்டுவதற்காக இந்த போர்டு வேண்டும் என்றால், அது அட்டைப்பெட்டியிலேயே கிடக்கட்டும். குப்பைத்தொட்டியே மேல்.

ஆனால் அப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை. மெஷின் நின்ற நேரத்தைக் காரணத்தோடு எழுத நாலு பட்டன் போதும். செட்டிங், டூல், மெட்டீரியல், கரண்ட். அதை அழுத்துவது ஆபரேட்டர். எண் ஓடும் டிஸ்ப்ளே முதலாளி ரூமில் அல்ல, மெஷின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி. தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், ஹிந்தியில்.. இந்த எல்லை ஊரில் அது சர்வ சாதாரணம். அப்போது என்ன தெரியும்? மெஷின் நிற்பதில் பெரும்பங்கு ஆபரேட்டரால் அல்ல என்பது தெரியும். கம்பெனியிலிருந்து மெட்டீரியல் மதியம் வரை வராததும், ட்ராயிங் கடைசி நிமிஷத்தில் மாறியதும் எழுத்தில் வரும். இன்றைக்கு அந்தத் திட்டெல்லாம் விழுவது யார் தலையில்? எண் இருந்தால் அது ஆபரேட்டருக்குத்தான் முதல் சாட்சி.

இன்னொரு ஆபத்து, அந்த எண் யார் வீட்டில் தங்கும் என்பது. நாளைக்கே பெரிய கம்பெனி ஒன்று, "நாங்களே இலவசமாக மாட்டித் தருகிறோம், டேட்டா எங்கள் சர்வருக்கு வரட்டும்" என்று சொல்லும். பட்டறைக்காரர்கள் கும்பிட்டு வாங்கிக் கொள்வார்கள். அத்தோடு முடிந்தது. மெஷின் வேகமாக ஓடினால் "சைக்கிள் டைம் குறைந்திருக்கிறதே, ரேட்டைக் குறை" என்ற ஃபோன் அடுத்த வாரமே வரும். எதிராளியின் பையில் இருக்கும் சீட்டுக்கட்டோடு யாராவது விளையாடுவார்களா? அதனால்தான் சின்ன, மலிவான, தன் சொந்தப் பெட்டிக்குள் இருக்கும் போர்டு முக்கியம். நெட் கூட வேண்டாம். மாதம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து எக்செல்லில் போட்டால் போதும்.

சிறு தொழில்களுக்குச் சட்டமே இல்லாமல் இல்லை. 2006ம் வருஷச் சட்டப்படி சிறு, குறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், தவறினால் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023ல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்த்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, பணம் கொடுக்கும் வருஷம் வரை செலவாகக் காட்ட முடியாது என்றார்கள். எல்லாம் பணம் எப்போது வரும் என்பதற்குச் சட்டம். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. அது பேரத்தில்தான் முடிவாகிறது. பேரத்தில் ஜெயிக்க எண் வேண்டும். நஷ்டத்துக்குப் பேசிய ரேட் 45 நாளில் வந்தால் என்ன, நாலு நாளில் வந்தால் என்ன?

இதில் ஒரு கூட்டணி கண் முன்னாலேயே இருக்கிறது. இ.சி.இ. மாணவருக்கு சென்சார் மாட்டத் தெரியும், மணிக்கு 480 ரூபாய் என்பதன் வலி தெரியாது. பி.காம். மாணவருக்கு மெஷின் ஹவர் ரேட் மனப்பாடம், மெஷினை நேரில் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் "மெஷின் ஓடிய நேரம் 2,000 மணி எனக் கொள்க" என்று இருக்கும். கொள்க, கொள்க என்றே மூன்று வருஷமும் ஓடிவிடுகிறது. ஒரு இ.சி.இ. பையன், ஒரு காமர்ஸ் பெண், ஒரு பட்டறை, மூன்று மாதம். காலேஜ்கள் இதை ப்ராஜெக்டாக ஏற்றுக் கொள்ளட்டும். கடைசியில் ரிப்போர்ட் பைண்டிங் வேண்டாம். அந்த முதலாளி அடுத்த முறை ரேட் பேசப் போகும்போது கையில் எடுத்துப் போக ஒரே ஒரு பக்கம் போதும். இந்த மெஷின், இத்தனை மணி ஓடியது, இத்தனை மணி நின்றது, நின்றதில் இத்தனை மணி உங்களால், மணிக்கு எங்கள் செலவு இவ்வளவு.

அதைப் பார்த்ததும் பர்ச்சேஸ் ஆள் உடனே ரேட்டை ஏற்றித் தந்துவிடுவார் என்று யாரும் கனவு காண வேண்டாம். "வேற பட்டறை இருக்கு" என்றுதான் சொல்வார். ஆனால் எந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கு முதல் முறையாக முதலாளிக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து ஷெட்காரரிடமும் அதே மாதிரி ஒரு பக்கம் இருந்தால் "வேற பட்டறை" என்ற மிரட்டலும் மெல்ல மெல்லப் பலிக்காமல் போகும்.

போர்டு நாலு டாலர். கணக்கு பதினைந்து மார்க். இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் இரண்டு டிபார்ட்மெண்டுகளில் சும்மா கிடக்கின்றன. நடுவில் இருப்பது ஒரு வராண்டா மட்டும்தான்.